உடன் உழைத்தவர் மறைந்தால்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களாகிய நாம், வாழ்வின் நற்காரியங்களுக்கெல்லாம் இங்கே வழிசெய்துகொண்டுவிட்டோம். பிள்ளைகளுக்குப் பள்ளி தேடினோம். பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும் கரும்பும் கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்தோம். திருமணமென்றால் மண்டபம் பார்க்கவும், வளைகாப்பென்றால் வளையல் வாங்கவும் நமக்குத் தெரியும். ஆயினும் ஒன்றைக் குறித்து மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. நம்மில் ஒருவர் ஊருக்குத் திரும்பாமலே இந்த ஹடப்சரிலேயே கண்மூடினால், அவரைச் சூழ்ந்து நிற்பவர் யார் என்பதே அது. பேசுவதற்கு இனிய பொருள் அன்றுதான். எனினும் பேசாமல் ஒதுக்கி வைப்பதால் அது வராமல் நின்றுவிடப் போவதில்லை.

சொந்த ஊரில் இக்கேள்விக்கு இடமே இல்லை. சாவுச் செய்தி போன வேகத்திலேயே பங்காளிகள் வந்து கூடுவார்கள். சம்பந்தி வீட்டார் கோடித்துணியோடு வருவார்கள். நீர்மாலை எடுப்பதற்கும், பாடை கட்டுவதற்கும், வாய்க்கரிசி இடுவதற்கும் இன்னார் இன்னார் என்று பரம்பரையாக முறை வகுக்கப்பட்டிருக்கிறது. நல்லதற்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதற்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் பெரியவர்கள் சொல்லி வளர்த்த பாடம். ஆனால் புணேயிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நெல்லைக்கும் குமரிக்கும் இன்னும் தொலைவு. ரயிலில் புறப்படும் உறவினர் வந்து சேர ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும். அந்த ஒரு நாளில் பங்காளியின் இடத்தில் நிற்பவர் யார்? பக்கத்து இயந்திரத்தில் நின்றவரும், எதிர் மேசையில் அமர்ந்தவரும், கான்டீனில் ஒரே பாத்திரத்துக் குழம்பைப் பகிர்ந்துகொண்டவருமே. இன்று நாம் சிந்திக்கப் புகுவது அவர்களுடைய கடமையைப் பற்றித்தான்.

ஒரு தாயின் கடிதம்

2024ஆம் ஆண்டில் நம் புணே நகரைக் குறித்து நாடே பேசும்படியான ஒரு துயரம் நிகழ்ந்தது. கேரளத்தைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவர், பட்டயக் கணக்காளர் தேர்வில் தேறி, எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்னும் பன்னாட்டு நிறுவனக் குழுமத்தின் புணே அலுவலகத்தில் அவ்வாண்டு மார்ச்சு மாதம் வேலைக்குச் சேர்ந்தார். அதுவே அவருடைய முதல் உத்தியோகம். நான்கு மாதங்களே கழிந்த நிலையில் ஜூலை 20ஆம் நாள் அவர் காலமானார். செப்டம்பர் மாதத்தில், அவருடைய அன்னை அந்நிறுவனத்தின் இந்தியத் தலைவர் ராஜீவ் மேமானிக்கு எழுதிய கடிதம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அப்பெண்ணின் பெயர் பத்திரிகைகளில் பலமுறை அச்சாகியிருக்கிறது. ஆயினும் நாம் அதை இங்கே எடுத்துரைக்கவில்லை. அக்குடும்பத்தின் துயரம் அவர்களுக்கே உரியது.

அக்கடிதத்தில் வேலைச்சுமையைப் பற்றிய முறையீடு பெரிதாக இருந்தது. மரணத்துக்கு அதுவே காரணம் என்பதை நிறுவனத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. தொழிலாளர் துறையும் தேசிய மனித உரிமை ஆணையமும் அந்த விவகாரத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டன. அந்த வழக்காராய்ச்சி நம் வேலை அன்று. நாம் எடுத்துக்கொள்வது அக்கடிதத்தின் வேறொரு பகுதி. தம் மகளின் இறுதிச் சடங்கிற்கு அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்றும், சடங்கு முடிந்தபின் மேலாளர்களைத் தாமே தொடர்புகொள்ள முயன்றும் மறுமொழி கிடைக்கவில்லை என்றும் அத்தாய் எழுதியிருந்தார். வேலைச்சுமையைப் பற்றி ஆயிரம் வாதங்கள் எழுந்தன. இந்த ஒரு குறைக்கு மட்டும் எதிர்வாதம் எழவே இல்லை. நிறுவனத் தலைவரும், இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளாதது தம் நிறுவனப் பண்புக்கு முற்றிலும் அந்நியமானது என்றும், இனி அவ்வாறு நேராது என்றும் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

அத்தாய் எதிர்பார்த்தது யாது? பெரிய மலர்வளையமன்று, உயர்ந்த பதவியாளரின் உரையுமன்று. தம் மகள் பகலெல்லாம் எவரோடு இருந்தாளோ அவர்களில் ஒருவரேனும் வந்து, “உங்கள் மகள் எங்களோடு இருந்தாள்” என்று சொல்லியிருந்தால் போதும். எவரும் வராதபோது, அந்த நான்கு மாத உழைப்பை எவருமே பார்க்கவில்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது.

பாதி வாழ்வைக் கண்டவர்

சற்று எண்ணிப் பார்ப்போம். காலை 7 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு இரவு 8 மணிக்குத் திரும்பும் ஒருவருடைய விழிப்பு நேரத்தில் பெரும்பகுதி எங்கே கழிகிறது? மனைவியும் மக்களும் காணாத இடத்தில் கழிகிறது. அவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவர், புதிதாக வந்த பையன்களுக்கு எப்படித் தொழில் பழக்கினார், மேலதிகாரி சினந்தபோது யாருக்காகப் பரிந்து பேசினார், இடைவேளையில் எந்தப் பாட்டை முணுமுணுத்தார் என்பவை எல்லாம் வீட்டாருக்குத் தெரியா. அந்தப் பாதி வாழ்வுக்குச் சாட்சி உடன் உழைத்தவர்களே. அவர்கள் வாளாவிருந்துவிட்டால், அது அவருடைய உடலோடு சேர்ந்து எரிந்துவிடும்.

ஆகவே சக ஊழியரின் இறுதிச் சடங்கிற்குச் செல்வதை வெறும் சம்பிரதாயம் என்று கருதலாகாது. உறவினர் செய்வதற்கு உரிய கடன்கள் பல உள. உடன் உழைத்தவர் மட்டுமே செய்யக்கூடிய கடன் ஒன்று உண்டு. குடும்பத்தார் காணாத அந்தப் பாதியை அவர்கள் கையில் திருப்பிக் கொடுப்பதே அது. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எப்படி நிற்பது, என்ன பேசுவது என்ற தடுமாற்றங்களில் பெரும்பாலானவை தாமே தீர்ந்துவிடும்.

யார் சக ஊழியர்?

ஹடப்சர் ஒரு காலத்தில் சோலாப்பூர்ச் சாலையோரத்துக் கிராமம். 1958இல் கிர்லோஸ்கர் நியுமாட்டிக் நிறுவனமும், 1966இல் சீரம் நிறுவனமும் தோன்றின, தொழிற்பேட்டை வளர்ந்தது. 2000ஆம் ஆண்டுக்குப்பின் உழவர்களே தம் நிலங்களை ஒன்றுசேர்த்து அமைத்த மகர்பட்டா நகரில் கணினி நிறுவனங்கள் வந்து குடியேறின. ஆலைத் தொழிலாளி, மருந்துக்கூடப் பணியாளர், மென்பொருள் எழுதுபவர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் என்று பல திறத்தாரும் இன்று ஒரே வாயில் வழியாக நுழைகின்றனர். ஆயினும் அவர்களில் பலருக்குச் சம்பளம் தருபவர் அந்த நிறுவனத்தார் அல்லர். இடையில் உள்ள ஒப்பந்தக்காரர்.

2021ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், ஹடப்சரை அடுத்த மாஞ்சரியில், சீரம் நிறுவன வளாகத்தில் கட்டுமானத்தில் இருந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்கள் ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். சிலர் புணேயைச் சேர்ந்தவர்கள்; மற்றவர்கள் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நம்மைப்போலவே பிழைக்க வந்தவர்கள். சட்டப்படி உரியதற்கு மேலாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் 25 லட்சம் ரூபாய் தருவதாக நிறுவனம் அறிவித்தது. மொழி வேறாயினும் அவர்களுடைய நிலை நம் நிலையே. கொரோனாத் தடுப்பு மருந்துக்காக உலகமே அந்த வளாகத்தை நோக்கியிருந்த நாளில், அங்கே உயிர் துறந்தவர்கள் வீடு திரும்ப முடியாத வழிப்போக்கர்கள்.

ஆகவே சக ஊழியர் என்பவர் நம் சம்பளப் பட்டியலில் உள்ளவர் மட்டுமல்லர். காலையில் வாயிற்கதவைத் திறந்துவிட்டவரும், மேசையைத் துடைத்தவரும், தேநீர் கொணர்ந்தவரும் நம்மோடு உழைத்தவரே. மேலாளர் மறைந்தால் மூன்று பேருந்து நிறைய ஆட்கள் போவதும், காவலாளி மறைந்தால் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டுவதோடு நின்றுவிடுவதும் பல இடங்களில் நடக்கின்றன. இறந்தவருக்குச் செய்யும் மரியாதையில் பதவி பார்ப்பவர், உயிரோடு இருப்பவர்களுக்கும் தம் மனத்தைக் காட்டிவிடுகிறார்.

முதல் சில மணி நேரம்

நிற்க. மரியாதை என்பது மயானத்தில் தொடங்குவதன்று. செய்தி கிடைத்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஊரில் உள்ள பெற்றோருக்குச் சொல்லும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும். அவர் தமிழ் பேசுபவராகவும், இறந்தவரை நன்கறிந்தவராகவும் இருத்தல் நலம். குடும்பத்தார் அறியும் முன்னரே கைப்பேசிக் குழுக்களில் படமும் கண்ணீர் அஞ்சலியும் பரவுவதைப்போன்ற கொடுமை வேறில்லை. மகன் இறந்த செய்தியைத் தாய் ஒரு படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி நேரக்கூடாது.

அடுத்தது காகிதவேலை. இறப்புக்கான காரணத்தை மருத்துவர் எழுதித் தரும் சான்று இல்லாமல் மயானத்தில் எதுவும் நடவாது. விபத்தாயினும் ஐயத்துக்குரிய மரணமாயினும் போலீசாரின் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடியக் காத்திருக்க வேண்டும். உடலை விமானத்தில் அனுப்புவதாயின், இறப்புச் சான்றோடு, உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்றும், போலீசாரின் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். மராத்தி நன்கு தெரிந்த ஓர் அன்பர் மருத்துவமனையிலும், மற்றொருவர் வீட்டிலும் இருந்தால் அரைநாள் அலைச்சல் மிஞ்சும். துயரத்தில் மூழ்கிய மனைவியைக் கையெழுத்துக்காக மேசை மேசையாக நடக்கவிடாமல் தடுத்த நண்பர், நூறு மலர்வளையங்களுக்கு ஈடான மரியாதையைச் செய்தவராவார்.

உடலை ஊருக்கு எடுத்துச் செல்வதா, இங்கேயே சடங்கை முடிப்பதா என்ற கேள்வி உடனே எழும். இதில் கருத்துச் சொல்லும் உரிமை நமக்கில்லை. இன்ன வழிக்கு இவ்வளவு நேரம், இவ்வளவு செலவு என்று உள்ளதை உள்ளபடி எடுத்துரைத்துவிட்டு, முடிவைக் குடும்பத்தாரிடமே விட்டுவிட வேண்டும். “இங்கேயே முடித்துவிடலாமே” என்று நாம் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு சொல், தந்தையின் முகத்தைக் கடைசியாகக் காணாமற்போன ஒரு பிள்ளையின் நெஞ்சில் ஆயுள் முழுவதும் தங்கிவிடக்கூடும்.

மயானத்தில்

நம் புணேயில் நவிபேட்டையை அடுத்த மயானத்துக்கு வைகுண்டம் என்றே பெயர். விறகுச் சிதையும் மின்தகன மேடையும் அங்கே உண்டு. நம் மராட்டிய அயலாரின் முறைகள் நம்முடையவற்றுக்கு வெகு தொலைவில் இல்லை. நாம் பாடை என்பதை அவர்கள் ‘திர்டி’ என்கிறார்கள். துளையிட்ட மண்குடத்தைச் சுமந்து சிதையைச் சுற்றி வருவது அவர்களிடமும் உண்டு. காடாற்றுக்கு நிகராக மூன்றாம் நாள் எலும்பு பொறுக்கும் சடங்கும், பத்தாம் நாள் பிண்டம் வைத்துக் காகத்துக்காகக் காத்திருக்கும் சடங்கும் அவர்களுக்கு உள்ளன. பண்டரிபுரத்துக்குச் செல்லும் ஞானேசுவரர், துக்காராம் பல்லக்குகள் ஆண்டுதோறும் ஹடப்சர் வழியாகவே போகின்றன. அந்த வாரகரி மரபினர் வீட்டில் மரணம் நேர்ந்தால், தாளம் ஒலிக்கப் பஜனை பாடியபடி உடலை எடுத்துச் செல்வதைக் காணலாம். பறையும் சங்கும் ஒலிக்கக் கேட்டுப் பழகிய நமக்கு அந்த ஒலி வேறாகத் தோன்றினாலும் பொருள் ஒன்றே.

ஆனாலும், எல்லாம் நமக்குத் தெரியும் என்று முன்னே பாய்வது கூடாது. மராட்டியர் வீடாயினும், தெலுங்கர் வீடாயினும், நம் தமிழர் வீடேயாயினும், அவ்வீட்டுப் பெரியவர் ஒருவரை அணுகி, “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பதே முறை. தோள் கொடுக்கச் சொன்னால் தோள் கொடுக்கலாம். விலகி நிற்கச் சொன்னால் விலகி நிற்பதும் மரியாதையே. சிலர் குடும்பத்தாரும் குலத்தாருமே தூக்க வேண்டும் என்பார்கள். சிலர் நண்பர்கள் தூக்குவதைப் பெருமையாகக் கருதுவார்கள்.

இறந்தவர் கிறித்தவராயின், தேவாலயத்து வழிபாட்டின்போது மற்றவர்கள் எழும்போது எழுந்து, அமரும்போது அமர்ந்து, கல்லறையில் ஒரு பிடி மண் இடலாம். இசுலாமியராயின் அடக்கம் விரைவிலேயே நடந்துவிடும். ஆகவே மாலையில் அலுவலகம் முடிந்தபின் போகலாம் என்று தாமதிப்பவர் வெறும் வீட்டைத்தான் காண்பார். ஜனாஸாத் தொழுகையின்போது பிற சமயத்தார் பின்னே அமைதியாக நிற்பது போதும். மலர்வளையம் கொண்டு போகலாமா என்பதை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானவை சில உண்டு. உடை வெண்மையாகவோ எளிமையாகவோ இருக்கட்டும். கைப்பேசி ஒலி எழுப்பாதிருக்கட்டும். இறந்தவர் முகத்தைப் படம் பிடிக்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

பெண் ஊழியர்கள் மயானத்துக்கு வரலாமா என்று கேட்பவர் உண்டு. தமிழர் குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். இன்று வழக்கத்தை மாற்றிக்கொண்ட குடும்பங்களும் உள்ளன. வீட்டாரின் விருப்பமே இதற்கு விடை. ஆனால் ஒன்று சொல்வோம். ஆண்கள் எல்லாரும் உடலோடு புறப்பட்டுப் போனபின், வீடு ஒழிந்து கிடக்கும் அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதைக் கைம்பெண்ணானவரோடு அமர்ந்து கழிப்பது மயானத்தில் நிற்பதைக் காட்டிலும் கடினமான பணி. மொழி தெரியாத ஊரில், உறவினர் வந்து சேராத வீட்டில், அந்நேரத்தில் கையைப் பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டும்.

மயானத்தில் கடைசி வரை நிற்பதும் மரியாதையின் ஒரு பகுதி. மேலதிகாரி மாலை சாத்திப் படமெடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட, அவரைத் தொடர்ந்து கூட்டம் கலைவதும், கொள்ளி வைக்கும் சிறுவன் திரும்பிப் பார்க்கையில் ஐந்து பேரே நிற்பதும் நெஞ்சை வருத்தும் காட்சிகள். ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் உலகத்து வேலை எதுவும் கெட்டுவிடாது.

என்ன பேசுவது?

துக்க வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமலே பலர் போகாமல் நின்றுவிடுகின்றனர். சொல்லாற்றல் இங்கே தேவையில்லை. எப்படி நேர்ந்தது, முன்பே நோய் இருந்ததா, எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்று துருவிக் கேளாதிருப்பதே முதல் நாகரிகம். “காலம் எல்லாவற்றையும் ஆற்றும்” என்பதும், “உங்களைவிடத் துன்பப்படுபவர் எத்தனையோ பேர்” என்பதும் ஆறுதல் ஆகா. நம் ஊர் வழக்கப்படி, துக்க வீட்டிலிருந்து புறப்படும்போது “போய் வருகிறேன்” என்று சொல்லாமல் எழுந்து வருவதும் நினைவில் இருக்கட்டும்.

சொல்ல வேண்டியது முன்னே நாம் கூறிய அந்தப் பாதி வாழ்வையே. “அண்ணன் மிகவும் நல்லவர்” என்பதை எல்லாரும் சொல்வார்கள். “அண்ணன் எனக்கு இரண்டு மாதம் கடைசல் வேலை பழக்கினார், நான் கெடுத்த உருப்படியைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்” என்பதை அந்த ஒருவர்தான் சொல்ல முடியும். “உங்கள் மகள் தினமும் 11 மணிக்கு ஊருக்குப் பேசிவிட்டு வந்து, அம்மா என்ன சமைத்தார் என்று எங்களுக்குச் சொல்வாள்” என்ற ஒரு வாக்கியம், ஒரு தாய்க்கு எத்தனை ஆண்டுகளுக்குத் துணையாக இருக்கும்! இவை சிறியவை, எனினும் இவற்றை வேறு எவரும் கொண்டு வந்து கொடுக்க இயலாது.

மராட்டியத்தில் சிதைக்குத் தீயிட்டபின், கூடியிருப்போரில் சிலர் இரண்டொரு சொல்லால் சிரத்தாஞ்சலி செலுத்துவது வழக்கம். அலுவலகத்தின் சார்பில் ஒருவரைப் பேசச் சொன்னால், அவரோடு உண்மையில் பணி செய்தவரே பேசட்டும். பதவியால் உயர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. மூன்று நிமிடம் போதும். நிறுவனத்தின் பெருமையைப் பேசும் இடம் அதுவன்று. தமிழ் மட்டும் அறிந்த பெற்றோர் அங்கிருந்தால், அந்தச் சொற்களைத் தமிழாக்கி அவர்கள் செவியில் சொல்ல ஒருவர் அருகே நிற்கட்டும். தம் மகனைப் புகழ்ந்து இத்தனை பேர் பேசியும், அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காமற்போவது எத்துணைக் கொடுமை!

அலுவலகத்தில் மௌனம் அனுசரிப்பதும் நல்ல வழக்கமே. முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1919 நவம்பர் 11ஆம் நாள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமெங்கும் இரண்டு நிமிட மௌனம் காக்கப்பட்டது. நம் நாட்டிலும் காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30ஆம் நாள் காலை 11 மணிக்கு அவ்வழக்கம் தொடர்கிறது. இயந்திரம் நின்று ஓசை அடங்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான், ஓரிடம் காலியாக இருப்பது எல்லாருக்கும் உறைக்கும். ஆனால் அது இரண்டு நிமிடத்தோடு முடிந்துவிடலாகாது.

சடங்கு முடிந்தபின்

தொலைவு காரணமாகச் சடங்கிற்குச் செல்ல இயலாதவர்கள் என்ன செய்வது? எல்லாரும் சேர்ந்து ஒருவருக்கேனும் விடுப்பும் பயணச் செலவும் ஏற்பாடு செய்து அனுப்பலாம். அதுவும் முடியாவிடில், பதினாறாம் நாள் காரியத்துக்குச் செல்லலாம். ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு பக்கம் எழுதி, எல்லாவற்றையும் தொகுத்து அனுப்பலாம். கைப்பேசிச் செய்தி மறைந்துவிடும். கடிதம் பெட்டியில் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்தபின் எடுத்துப் படிப்பார்கள்.

இறந்தவருடைய மேசையையும் பெட்டியையும் ஒழிக்கும் முறை ஒன்றுண்டு. மறுநாளே குப்பைப் பையில் அள்ளிப் போட்டு வாயிற்காவலரிடம் வைத்துவிடுவது தகாது. அவருடைய கண்ணாடி, உணவுப் பாத்திரம், சாமி படம், குழந்தை வரைந்து கொடுத்த சித்திரம் ஆகியவற்றை நன்றாகத் துடைத்து அடுக்கி, இருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இஃதன்றி, குடும்பத்துக்கு உரிய தொகைகளைப் பெற்றுத் தருவது உடன் உழைத்தவரின் பெருங்கடமை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்துள்ள தொகையும், குடும்ப ஓய்வூதியமும் வாரிசுகளுக்கு உரியவை. அந்நிதியைச் சார்ந்து 1976இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்தின்படி, பணியில் இருக்கையில் இறந்தவர் குடும்பத்துக்குத் தரும் தொகையின் உச்சவரம்பு 2021இல் 7 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணிக்கொடைக்கு ஐந்தாண்டுச் சேவை வேண்டும் என்னும் பொதுவான நிபந்தனை மரணத்துக்குப் பொருந்தாது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவராயின், ஈமச்செலவுக்கென 2019 முதல் 15,000 ரூபாய் வரை கிடைக்கிறது. குடும்பத்தார் இல்லாதவிடத்துச் செலவு செய்து சடங்கை முடித்தவரும் அதைக் கோரலாம். இவற்றை அறியாமல் ஊருக்குத் திரும்பிவிட்ட மனைவி, பிறகு ஒரு கையெழுத்துக்காகக் கைக்குழந்தையோடு புணேக்கு வந்து அலைய நேர்வதைத் தடுக்க வல்லவர் உடன் உழைத்தவரே. மனிதவள அலுவலகத்தின் கதவைத் தட்டி, படிவங்களை வாங்கி நிரப்பி, பணம் வந்து சேர்ந்ததா என்று மூன்று மாதம் கழித்து ஒருமுறை கேட்பவரை அக்குடும்பம் மறவாது.

நாம் செய்ய வேண்டியது

இலங்கையில் ஊர்தோறும் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. உறுப்பினர் சிறு தொகை செலுத்துவார்கள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் கொட்டகை, நாற்காலி முதல் பணம் வரை சங்கமே கொண்டுவந்து நிறுத்தும். சென்ற நூற்றாண்டுகளில் இங்கிலாந்துத் தொழிலாளர்களும் தம் அடக்கச் செலவுக்கென வாரந்தோறும் சில காசு சேர்க்கும் கழகங்கள் வைத்திருந்தனர். ஏழையாக வாழ்ந்தாலும் அநாதையாகப் போகக்கூடாது என்பதே எங்கும் உழைப்பாளியின் வேண்டுதல்.

ஹடப்சரில் உள்ள நம் குடும்பங்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய நிதி உடனே வேண்டா. ஒவ்வோர் ஆலையிலும் அலுவலகத்திலும் இரண்டு அன்பர்கள் முன்வந்து பொறுப்பேற்கட்டும். தனியாகத் தங்கியிருக்கும் இளைஞர், இளம்பெண்களின் ஊர் முகவரியும், வீட்டார் தொலைபேசி எண்ணும் அவர்களிடம் இருக்கட்டும். அமரர் ஊர்தி, ஐஸ் பெட்டி, சடங்கு செய்விப்பவர், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் எண்கள் ஒரு தாளில் எழுதப்பட்டு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்றோ, வேற்று மொழியாளர் என்றோ எவரும் இந்தப் பட்டியலிலிருந்து விடுபட வேண்டா.

தெருமுனைகளில் “பாவபூர்ண சிரத்தாஞ்சலி” என்று மராத்தியில் எழுதிய பலகைகளை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்க நமக்கு நேரமிருப்பதில்லை. ஆனால் நம் அருகே உழைத்தவர் மறையும்போது, அவர் யார் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம். ஆதலின் அன்பர்களே, செய்தி வந்தால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அழைப்புக்காகக் காத்திராதீர்கள்.